பணம் இருக்கிறது, இருபது நிமிஷம்தான் இல்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் தோளில் பையோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைத் தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

வேலைக்குப் போகும் தாய் பளிச்சென்று, நேர்த்தியாகத் தோன்றப் பெரிதும் வேண்டியது பணமா, நேரமா? நேரமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "ஆள் பாதி, ஆடை பாதி. அந்த ஆடைப் பாதியை வாங்கப் பணம் வேண்டாமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். அவருக்கு அடுத்து வந்த சகோதரி நல்ல புடவை, பார்லர், வாஷிங் மெஷின், சமையலுக்கு ஆள் என்று வரிசையாகச் சொல்லி, "பணம் இருந்தால் நேரத்தையே விலைக்கு வாங்கலாமே" என்று முடித்தார். அண்ணன் சொன்னது லேசான வாதம். சகோதரி சொன்னது கனமான வாதம். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

முதலில் நேர்த்தி என்றால் என்ன என்று பேசிவிடுவோம். எதிரணியினர் ஏதோ கல்யாண அலங்காரத்தை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். நான் சொல்லும் நேர்த்தி வேறு. ஈரம் காய்ந்து சிக்கெடுத்த தலை. வெட்டிய நகம். ஹூக் அறுந்து போகாத பிளவுஸ். தோளில் ஒழுங்காகப் பின் குத்திய முந்தானை. துடைத்த செருப்பு. நெற்றியில் நேராக இருக்கிற ஒரு பொட்டு. இவ்வளவுதான் ஐயா! இதில் எது விலை அதிகம் என்று சொல்லச் சொல்லுங்கள். ஹூக் தைக்க ஊசியும் நூலும் போதும். ஆனால் அந்த ஊசியில் நூல் கோக்க ஒருத்தி உட்கார வேண்டும். அவளை உட்கார விடுகிறோமா?

சரி, ஆடைக்கு வருகிறேன். நாம் உட்கார்ந்து பேசுகிற இடத்தைப் பாருங்கள். ஜவுளிக் கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தீபாவளி நேரத்தில் அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. கையில் இருக்கிற காசுக்குத் தகுந்த துணி கிடைக்கும் என்றுதான் அவ்வளவு கூட்டம் வருகிறது. சில நூறு ரூபாய்க்குக் கண்ணுக்கு லட்சணமான புடவை எடுக்கலாம், கொஞ்சம் தள்ளிப் போனால் மேட்சிங் பிளவுஸ் துணியும் எடுக்கலாம். வட சென்னையில் ஒரு தாய் கசங்கிய கோலத்தில் வேலைக்குப் போனால் அது துணி இல்லாத குறையால் அல்ல. அவள் பீரோவைத் திறந்து பாருங்கள். நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்தது, போன தீபாவளிக்கு எடுத்தது, பிறந்த வீட்டில் வைத்துக் கொடுத்தது எல்லாம் மடிப்புக் கலையாமல் இருக்கும். அவள் மாற்றி மாற்றிக் கட்டுவதோ இரண்டு மூன்று சிந்தெடிக் புடவையைத்தான். ஏனென்றால் அதற்கு இஸ்திரி வேண்டாம். கொசுவம் சொன்ன பேச்சைக் கேட்கும். ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும்.

காட்டன் புடவைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று இங்கே இருக்கிற அம்மாக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அண்ணன்களுக்காகச் சொல்கிறேன். கஞ்சி வடித்துப் போட வேண்டும். சாயம் வெளுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். லேசாக ஈரம் இருக்கும்போதே, அல்லது தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, இஸ்திரி போட வேண்டும். கட்டும்போது ஒவ்வொரு கொசுவத்தையும் நீவி விட வேண்டும், கீழே ஒருவர் உட்கார்ந்து பிடித்துவிட்டால் இன்னும் நல்லது. சித்திரை வைகாசியில், கடலோரத்துப் புழுக்கத்தில், உடம்புக்கு இதமானது காட்டன்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அதை பீரோவில் வைத்துவிட்டு, முதுகெல்லாம் ஒட்டிக்கொள்ளும் சிந்தெடிக்கில் வியர்த்து வழிந்துகொண்டு போகிறாள். அந்தக் காட்டன் புடவைக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது ஐயா. நேரம்தான் கொடுக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துக் காலை எப்படி ஆரம்பிக்கும் என்பது நடுவருக்குத் தெரியும். மெட்ரோ தண்ணீர் வருகிற நேரம்தான் பல வீடுகளில் எழுந்திருக்கிற நேரம். அடிபம்பில் குடம் குடமாக அடித்து நிரப்பிய அதே கையோடு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். அப்புறம் இட்லி, டிபன் பாக்ஸ், பெரியவனுக்குக் காணாமல் போன டை, சின்னவளுக்கு ரெட்டைப் பின்னல், மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை. சின்னவளின் ரெட்டைப் பின்னலைக் கவனித்துப் பாருங்கள். வகிடு கோடு போட்டது மாதிரி இருக்கும், ரிப்பன் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தொங்கும். பின்னிவிட்ட அம்மாவின் தலையோ சொட்டச் சொட்ட ஈரம், மேலே ஒரு கிளிப். நேர்த்தி அவளுக்குத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? கை நிறைய நேர்த்தி இருக்கிறது. அவள் முறை வருவதற்குள் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துவிடுகிறது.

இன்னொன்று. ராயபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், மொட்டை மாடியில் உலர்த்திய துணியை எடுத்து உதறினால் கரித்தூள் பறக்கும். என் அம்மா துவைத்ததையே மறுபடியும் அலசுவார்கள். வெளிர் நிறப் புடவை எடுக்கவே யோசிப்பார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு, 2011 அக்டோபரோடு அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது நின்றது. அதற்காக ராயபுரத்துப் பெண்கள் யாருக்கும் சம்பளம் ஏறவில்லை. ஒரு தடவை துவைத்தால் போதும் என்றானது, அவ்வளவுதான். கொடியில் வெளிர் நீலமும் சந்தனக் கலரும் வந்து உட்கார்ந்தன. ஒரு ஊரே பெண்களின் நேரத்தைப் பிடுங்க முடியும், திருப்பிக் கொடுக்கவும் முடியும். திருப்பிக் கொடுத்தால் அது அவர்கள் உடையில் தெரியும்.

எதிரணி இந்த உதாரணத்துக்குப் பதில் சொல்லட்டும்: நம் தெருக்களிலிருந்து எத்தனையோ பெண்கள் பெரிய ஜவுளிக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் விற்பனை வேலைக்குப் போகிறார்கள். பல கடைகளில் யூனிஃபார்ம் புடவையைக் கடையே கொடுத்துவிடுகிறது. ஆக ஆடைச் செலவு என்ற பேச்சே அங்கே இல்லை. எதிரணியின் கணக்குப்படி அந்தப் பெண்ணுக்கு நேர்த்தி தானாக வந்துவிட வேண்டும். வருகிறதா? புடவை இலவசம், அதை மடிப்பு மாறாமல் கட்டி, கொண்டை போட்டு, பூ வைத்து, கடை திறக்கும்போது சிரித்த முகத்தோடு நிற்க வேண்டிய நேரம் அவள் தூக்கத்திலிருந்து வருகிறது. கைக்குழந்தை இருந்தால் அந்தத் தூக்கமும் அரைகுறை. கடையில் நாள் முழுக்க நிற்க வேறு வேண்டும். உட்கார ஒரு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் அது உரிமையானது. நேர்த்தியாக நில் என்று சொல்ல எல்லோரும் தயார். அதற்கு ஆகிற நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எழுத யாரும் தயாராக இல்லை.

இப்போது சகோதரியின் கனமான வாதம். பணத்தால் நேரத்தை வாங்கலாம் என்றார். கொஞ்சம் வாங்கலாம், மறுக்கவில்லை. கல்யாணம் காட்சி என்றால் புடவைக்கு முன்கூட்டியே கொசுவம் வைத்து, பின் குத்தி, பெட்டி மாதிரி மடித்துக் கொடுக்கிறவர்கள் இப்போது நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அருமையான கைத்தொழில், நன்றாக நடக்கட்டும். ஆனால் வருஷத்தில் நான்கு விசேஷத்துக்குக் கொடுக்கலாம், தினமும் வேலைக்குப் போகிற புடவைக்குக் கொடுக்க முடியுமா? வாஷிங் மெஷின் துவைக்கும். எது சாயம் போகும் என்று பிரித்துப் போடுவது, மாடியில் உலர்த்துவது, மழை வந்தால் ஓடி எடுப்பது, ஆளுக்கு ஆள் மடித்து அடுக்குவது எல்லாம் மெஷின் வந்த வீட்டிலும் அவள் தலையில்தான். சமையலுக்கு ஆள் வைத்தாலும், நாளைக்கு என்ன குழம்பு, வீட்டில் புளி இருக்கிறதா என்று யோசிக்கிற மண்டை அவளுடையது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. அதன்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிஷம். நடுவர் ஐயா, இந்த 97 என்பது வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரி மட்டும்தான். கையே வைக்காதவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. இரண்டுக்கும் இடையே 202 நிமிஷம். நான் அவ்வளவையும் கேட்கவில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு, இருபது நிமிஷம், காலையில் அவளுக்குக் கிடைத்தால் தலை காயும், ஹூக் தைக்கப்படும், முந்தானை ஒழுங்காக நிற்கும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். கணவன் மனைவி இருவருக்கும் நல்ல சம்பளம். வீட்டில் எல்லா மெஷினும் உண்டு. அவர் அலுவலகத்துக்குள் நுழையும்போது காலருக்குக் கீழே நேற்று ஊட்டிய சாதம் காய்ந்து ஒட்டியிருக்கும், முதலில் கழிவறைக்குப் போய்த்தான் தலை வாருவார். எங்கள் தெருவில் இன்னொரு பெண் இருக்கிறார். பேக்கிங் கம்பெனியில் வேலை, சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவர் தெருவில் நடந்து போனால் திரும்பிப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு திருத்தம். அவர் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ராத்திரி பாத்திரம் துலக்குவது அவர். அந்த நேரத்தில் மனைவி மறுநாள் புடவைக்குக் கொசுவம் வைத்து, பின் குத்தி, ஹேங்கரில் மாட்டிவிடுவார். காலையில் கணவர் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போவார். சகோதரி சொன்ன கணக்கு சரி என்றால் இந்த இரண்டு பெண்களும் இடம் மாறியிருக்க வேண்டும்.

2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன், மாதாமாதம் காசு மிஞ்சுகிறது. அந்தப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தில் மிஞ்சிய காசால் யாருடைய தலை காய்ந்தது?

இன்னொரு குரலும் கேட்டது. "பிள்ளை குட்டி வந்த பிறகு என்ன அலங்காரம் வேண்டிக் கிடக்கிறது?" என்று பின் வரிசையில் ஒருவர் சொன்னார். எனக்கு இது வலிக்கிறது. சவரம் செய்யாத முகத்தோடு அப்பா ஒருவர் வேலைக்கு வந்தால், "பாவம், ராத்திரியெல்லாம் குழந்தை தூங்கவிடவில்லை போல" என்கிறோம். அதே குழந்தையோடு விழித்திருந்த அம்மா கலைந்த தலையோடு வந்தால், "பிள்ளை பெற்றதும் சோம்பேறியாகிவிட்டாள், வேலையில் கவனம் இருக்குமா?" என்கிறோம். அவள் கோலத்தைப் பார்த்து அவள் திறமையை எடை போடுகிறது இந்த உலகம். அதை ஒரே நாளில் நம்மால் மாற்ற முடியாது. ஆனால் உலகத்துக்காக மட்டுமே அவள் கண்ணாடி பார்க்கிறாள் என்று நினைக்காதீர்கள். தன் முகத்தை ஒரு நாளில் ஒரு தடவையாவது தான் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையசைத்துவிட்டு வெளியே போக வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் உண்டு. அது தாய்மைக்கு எந்த விதத்தில் இழுக்கு?

முடிக்கச் சொல்லி நடுவர் மணி அடித்துவிட்டார், ஒரே வார்த்தை ஐயா. "நேரம் நேரம் என்கிறீர்களே, அப்படி என்னதான் வேண்டும்?" என்று எதிரணித் தலைவர் கேட்டிருந்தார். சொல்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து ஏழு இருபது வரை அந்த வீட்டில் ஒருவரும் "அம்மா" என்றோ "ஏம்மா, கேட்டியா" என்றோ கூப்பிடக் கூடாது. அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், வேன் வந்தால் வேறொருவர் பிள்ளையை ஏற்றிவிட வேண்டும். எம்.சி. ரோட்டில் எந்தக் கடையில் இதை விற்கிறார்கள், என்ன விலை என்று அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணன் இந்த மேடையிலேயே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.