அம்பாசடர் டிக்கிக்கு கேஸ் ஸ்ட்ரட்: எத்தனை நியூட்டன் போதும்?

[காட்சி: திறந்த டிக்கி, பக்கவாட்டில் பழைய முட்டுக்கம்பி]

வணக்கம். எங்கள் வீட்டு அம்பாசடரின் டிக்கி மூடியைத் தாங்கியது இந்த ஒரு கம்பிதான். அப்பா பையை எடுக்கக் குனிந்தபோது கம்பி நழுவி, மூடி அவர் தோளில் விழுந்தது. அன்றைக்கே கேஸ் ஸ்ட்ரட் போட முடிவு செய்தேன். அழுத்திய வாயு நிரப்பிய குழாய், அதில் போய்வரும் தண்டு; மூடியைத் தூக்கித் தாங்குவது இதுதான். கடையில் டிக்கி ஷாக்கர் என்று கேட்டாலும் புரியும்.

அவசரத்தில் ஏதோ ஹேட்ச்பேக் காருக்கான ஜோடியை வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் தள்ளும் விசை 400 நியூட்டன். மூடி எகிறித் திறந்தது. மூடுவதற்கு அழுத்தியபோது கீல் பக்கம் தகடு புடைத்து, பெயின்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

[காட்சி: அந்த வெடிப்பு, மிக அருகில்]

பழைய காரில் தகடுதான் சொத்து. அதனால் முதலில் மூடியை அளந்துவிடுங்கள்.

இதற்கு பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். மூடியை முழுதாகத் திறந்து, அதன் விளிம்பில் கொக்கியை மாட்டி, தராசு மட்டும் தாங்கும்படி நேர் மேலே பிடியுங்கள். எனக்கு 7 கிலோ காட்டியது. கீலிலிருந்து கொக்கி வரை படுக்கைவாட்டுத் தூரம் 60 செ.மீ. பெருக்கினால் 420.

அடுத்து, ஸ்ட்ரட் வரும் இடத்தில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, கீலிலிருந்து அந்த நூலுக்குச் செங்குத்துத் தூரம் பாருங்கள். எனக்கு 12 செ.மீ. இரண்டு ஸ்ட்ரட் என்பதால் 24. 420-ஐ 24-ஆல் வகுத்தால் 17.5 கிலோ, அதாவது சுமார் 172 நியூட்டன். மூடி நழுவாமல் நிற்க அதோடு 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 200. நான் வாங்கியது இதைப்போல இரண்டு மடங்கு!

வெயிலையும் கணக்கில் வையுங்கள். உள்ளே இருப்பது அழுத்திய நைட்ரஜன். ஸ்ட்ரட்டில் எழுதியிருக்கும் எண் 20 டிகிரிக்கானது. ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் விசை சுமார் 3.5 சதவீதம் கூடும். இரண்டு அளவுக்கு நடுவே தயங்கினால் சின்னதையே எடுங்கள். ஒரே பக்கம் ஒரு ஸ்ட்ரட் மட்டும் போடாதீர்கள், மூடி முறுக்கிக்கொள்ளும்.

[காட்சி: அட்டைத் துண்டுகளால் செய்த மாதிரி]

சரி, இனி இடம் குறிப்பது. துளை போடும் முன் அட்டையில் மாதிரி செய்து பாருங்கள். மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் கோடு கீலுக்கு நேராகவோ சற்றுத் தாண்டியோ போக வேண்டும். அப்போதுதான் பூட்டை அது ஓயாமல் தள்ளாது. மூடிய பிறகும் தண்டு உள்ளே போக 10 மி.மீ. மிச்சம் இருக்கட்டும். இல்லையென்றால் ஸ்ட்ரட் முட்டிக்கொண்டு நிற்க, நீங்கள் அழுத்தும் விசையெல்லாம் கீலுக்குப் போகும்.

பால் ஸ்டட்டை, அதாவது ஸ்ட்ரட்டின் முனை மாட்டும் உருண்டைத் தலை ஆணியை, வெறும் தகட்டில் முடுக்காதீர்கள். பின்னால் 3 மி.மீ. இரும்புப் பட்டை வைத்து முடுக்குங்கள். மூடியிருக்கும்போது தண்டு கீழ்ப்பக்கம் வர வேண்டும்; உள்ளே இருக்கும் எண்ணெய், கசிவைத் தடுக்கும் சீலிலேயே தங்கி, சீல் காயாமல் இருக்கும். தண்டில் கீறலோ பெயின்டோ படக்கூடாது. பழைய ஸ்ட்ரட்டை அறுக்கவோ சூடு காட்டவோ வேண்டாம், வெடிக்கும்.

[காட்சி: மூடி மெல்ல எழுகிறது]

அப்புறம், முட்டுக்கம்பியைக் கழற்றிவிடுங்கள், ஸ்ட்ரட்டில் மாட்டிக்கொள்ளும். நான் எங்களுடையதைத் துடைத்து, ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போது அப்பா ஒரு கையாலேயே திறக்கிறார்.