ஹேசில்டன் மேட்டில் ஐந்து தலைமுறை

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயர் பகுதியில் வயல்களுக்கு நடுவே புல் மண்டிய நீளமான மேடுகள் சில உண்டு. யாரோ மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது போலத்தான் தெரியும். ஆனால் உள்ளே கல் அறைகள், அறைகளுக்குள் மனித எலும்புகள். ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் நிறுத்தப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கட்டப்பட்ட ஈமமேடுகள் இவை.

அவற்றில் ஹேசில்டன் நார்த் என்ற மேட்டைப் பற்றிச் சொல்கிறேன். உழவில் கரைந்துகொண்டே வந்ததால், 1979 முதல் 1982 வரை அதை முழுவதுமாகத் தோண்டி ஆராய்ந்தார்கள். வடக்கு வாசலில் ஓர் அறை, தெற்கு வாசலில் ஓர் அறை. உள்ளே எலும்புகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. வடக்கு வாசலில் மட்டும் ஓர் ஆண் கலையாமல் முழுசாகப் படுத்திருந்தார். பக்கத்தில் ஒரு சிக்கிமுக்கிக் கல், அதைத் தட்டிச் செதுக்கும் கல் ஒன்று. தொழிலாளி, தன் கருவியோடு போய்விட்டார்!

எலும்புகளின் மரபணு ஆய்வு 2021 இறுதியில் வெளியானது. ஆராயப்பட்ட 35 பேரில் 27 பேர் ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை. மூலவர் ஒரு மனிதர். அவருக்கு நான்கு பெண்களிடம் பிள்ளைகள். ஒரே காலத்தில் நால்வரா, ஒருவர் போன பின் ஒருவரா, அதை மரபணு சொல்லாது. இரண்டு பெண்களின் வாரிசுகள் தெற்கு அறையில், மற்ற இருவரின் வாரிசுகள் வடக்கில். வம்சம் தகப்பன் வழிதான். ஆனாலும் யார் எந்த வாசல் என்பது பாட்டி யார் என்பதைப் பொறுத்தது. கற்காலம் என்றாலே கையில் தடியோடு திரிந்த கூட்டம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

வயதுக்கு வந்த மகள்கள் யாரும் அங்கே இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தோடு போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சிறு வயதில் இறந்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்புறம், வேறு தகப்பனுக்குப் பிறந்து, தாயோடு அந்த வீட்டுக்கு வந்த ஆண் பிள்ளைகள் சிலரையும் பங்காளிகளோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

சரி, போய்ப் பார்க்க முடியுமா? ஹேசில்டனில் இப்போது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அதே மாவட்டத்தில் வின்ச்கோம் ஊருக்கு அருகே பெலாஸ் நாப் என்ற மேடு இருக்கிறது. கொஞ்சம் மேடேறி நடக்க வேண்டும். வடக்கு முகப்பில் கம்பீரமான கல் வாசல் ஒன்று தெரியும். அது பொய் வாசல், உள்ளே போக வழியில்லை. உண்மையான அறைகளுக்குப் பக்கவாட்டில் சுற்றிப் போங்கள், குனிந்துதான் நுழைய வேண்டும்.