சொந்தம் கொண்டாடுவது யார்?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வீடியோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

2015 ஜூன் மாதம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்று ஒரு நகரம். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-இல் தொடங்கப்பட்ட என்ஏஏசிபி அமைப்பின் அந்த ஊர்க் கிளைக்குத் தலைவர் ரேச்சல் டோலசால். தன்னைக் கறுப்பினத்தவர் என்றே சொல்லிவந்தவர். உள்ளூர்த் தொலைக்காட்சி நிருபர் கேட்க, அவர் சரளமாகப் பதில் சொல்லிக்கொண்டு வருகிறார். நடுவில் ஒரு கறுப்பினப் பெரியவரின் படத்தைக் காட்டி, இவர் உங்கள் அப்பாவா என்கிறார் நிருபர். ஆமாம் என்கிறார் ரேச்சல். அடுத்த கேள்வி: "நீங்கள் ஆப்பிரிக்க அமெரிக்கரா?" அவர் முகம் மாறுகிறது. கேள்வி புரியவில்லை என்கிறார். அப்புறம் பேட்டியைப் பாதியில் விட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார். கேமரா அவர் முதுகைப் படம்பிடித்தபடி நிற்கிறது.

அவரைப் பெற்றவர்கள் மொன்டானாவில் இருந்தார்கள். இருவரும் வெள்ளையர். மகளின் சிறுவயதுப் படத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். பொன்னிறத் தலைமுடியும் வெளிறிய முகமுமாக ஒரு பெண். சில நாட்களில் பதவி விலகல்.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், அந்தப் பதவிக்குக் கறுப்பினத்தவராக இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. தலைமைக்கு இனம் தகுதியும் அல்ல, தடையும் அல்ல என்று அந்த அமைப்பே அப்போது அறிக்கை விட்டது. அதைத் தொடங்கியவர்களிலேயே வெள்ளையர்கள் பலர். வெள்ளைக்காரப் பெண்ணாகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. 2002-இல் இதே பெண், தான் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் மீது பாரபட்ச வழக்குப் போட்டிருந்தார். கறுப்பின மாணவர்களுக்கென்றே பேர்பெற்ற பல்கலைக்கழகம் அது. வெள்ளையர் என்பதாலும் தன்னை ஒதுக்கினார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. வழக்கு நிற்கவில்லை.

சரி, பொய் சொன்னார், மாட்டிக்கொண்டார் என்று முடித்துவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. "நீ என்ன இனம்?" என்ற கேள்வியை அந்த நாட்டில் இதுவரை யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று பாருங்கள்.

1892-இல் நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் முதல் வகுப்பு டிக்கெட் எடுத்து, வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய முன்னோரில் எட்டில் ஒரு பங்குதான் கறுப்பினம். பார்த்தால் வெள்ளையர் மாதிரியே இருப்பார். பேசாமல் உட்கார்ந்திருந்தால் நடத்துநர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார். பிளெஸ்ஸி தானே வாயைத் திறந்து சொன்னார், கைதானார். தனிப்பெட்டிச் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும் என்று அவரும் அவரைச் சேர்ந்த குழுவும் முன்கூட்டியே போட்ட திட்டம் அது. 1896-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வாயால் சொன்னால்தான் தெரியும் ஓர் இனத்துக்காகத் தனி ரயில் பெட்டி! மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். 1960 வரைக்கும், வீட்டு வாசலில் வந்து நின்ற கணக்கெடுப்பாளர் பார்த்து எழுதியதுதான் பெரும்பாலும் ஒருவருடைய இனம்.

அப்போது கேள்வி கேட்டது, இறக்கிவிடுவதற்கு. பிற்காலத்தில், அப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேலையில் இடம் கொடுப்பதற்காகவும் அதே கேள்வியைக் கேட்க வேண்டி வந்தது. பாஸ்டன் தீயணைப்புத் துறையில் நடந்ததைச் சொல்கிறேன். இரட்டையர்களான இரண்டு சகோதரர்கள் 1975-இல் வெள்ளையர் என்று விண்ணப்பித்துத் தேர்வில் தோற்றார்கள். 1977-இல் கறுப்பினத்தவர் என்று எழுதி விண்ணப்பித்தார்கள்; வேலை கிடைத்தது. பத்து வருடம் தீயணைத்தார்கள். 1988-இல் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்தபோதுதான் ஒருவர் கண்ணில் பட்டது. விசாரணை. கொள்ளுப்பாட்டியின் பழைய படத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். விசாரித்தவர் மூன்று விஷயம் பார்த்தார்: ஆளைப் பார்த்தால் எப்படி இருக்கிறார், பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணம் என்ன சொல்கிறது, அக்கம்பக்கத்தில் அந்தக் குடும்பத்தை யாராகக் கருதுகிறார்கள். மூன்றிலும் தேறவில்லை. வேலை போயிற்று.

முதல் இரண்டும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. முதலாவது பிளெஸ்ஸியிடமே தோற்றுப்போனது. சான்றிதழும் யாரோ ஒரு குமாஸ்தா எழுதியதுதான். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. தமிழில் 'சொந்தம் கொண்டாடுவது' என்கிறோம் இல்லையா? அதை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கொண்டாட முடியாது. அந்தப் பக்கமும் "ஆமாம், எங்கள் பிள்ளை" என்று சொல்ல வேண்டும்.

செனட்டர் எலிசபெத் வாரனுக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. குடும்பத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒன்றான செரோக்கி ரத்தம் உண்டு என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். 1986-இல் டெக்சாஸ் வழக்கறிஞர் பதிவு அட்டையில், இனம் என்ற இடத்தில் 'அமெரிக்க இந்தியர்', அதாவது அமெரிக்கப் பூர்வகுடி, என்று தன் கையாலேயே எழுதினார். டிரம்ப் அவரைப் 'போகாஹோன்டாஸ்' என்று, பதினேழாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பூர்வகுடிப் பெண் ஒருத்தியின் பெயரால், கேலி செய்துகொண்டே இருந்தார். 2018 அக்டோபரில் வாரன் டிஎன்ஏ பரிசோதனை முடிவை வெளியிட்டார்: ஆறிலிருந்து பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒரு பூர்வகுடி மூதாதை இருந்திருக்கலாம். டிரம்பின் வாயை அடைக்கலாம் என்று நினைத்திருப்பார். செரோக்கி மக்களின் அரசான செரோக்கி நேஷன்தான் முதலில் கோபப்பட்டது. எங்கள் குடிமகன் யார் என்பதை டிஎன்ஏ சொல்லாது என்றார்கள். அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட 'டாஸ் பதிவேடு' என்ற பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அதில் பெயருள்ள ஒருவரின் நேர் வாரிசாக இருக்க வேண்டும். ரத்தத்தின் சதவீதத்தைக் கேட்பதில்லை. வாரன் பிறகு மன்னிப்புக் கேட்டார்.

போகாஹோன்டாஸ் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1924-இல் வர்ஜீனியா ஓர் இனத்தூய்மைச் சட்டம் போட்டது. ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் வெள்ளையர் இல்லை. ஆனால் பதினாறில் ஒரு பங்கு பூர்வகுடி ரத்தம் இருந்தால் பரவாயில்லை. ஏன் இந்தச் சலுகை? போகாஹோன்டாஸ் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசிய பெரிய வீட்டுக்காரர்கள் அங்கே நிறைய.

இருபக்கமும் சொந்தம் கொண்டாடினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கனடாவில் பாடகி பஃபி செயின்ட்-மேரியைப் பூர்வகுடிகளில் ஒன்றான கிரீ இனத்தவர் என்றே பல காலம் எல்லோரும் அறிந்திருந்தார்கள். 2023 அக்டோபரில் சிபிசி தொலைக்காட்சி, 1941-இல் மாசசூசெட்ஸில் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்று பிறப்புப் பதிவோடு காட்டியது. தெரிந்து பொய் சொல்லவில்லை என்கிறார் அவர். இளம் வயதிலேயே அவரைக் கிரீ வழக்கப்படி மகளாக ஏற்ற பியாபாட் குடும்பம் இன்றும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. 2025-இல் 'ஆர்டர் ஆஃப் கனடா' விருது பறிபோனது. அந்தக் குடும்பத்துக்கு அவர் மகள்தான். அதில் கருத்துச் சொல்ல நாம் யார்? ஆனால் வளர்ந்தபின் ஏற்ற மகள் என்று சொல்லி மேடையேறுவது வேறு, பிறப்பிலேயே பூர்வகுடி என்று உலகம் நம்பிக்கொண்டிருக்க விடுவது வேறு.

கடைசியாக, இந்தக் கேள்வியை ஆயுதமாக எடுத்தவரைப் பற்றி. 2024 ஜூலை 31, சிகாகோ, கறுப்பினப் பத்திரிகையாளர் சங்க மேடை. கமலா ஹாரிஸைப் பற்றி டிரம்ப் சொல்கிறார்: எப்போதும் இந்திய வம்சாவளி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், சில வருடங்களுக்கு முன்னால் கறுப்பினத்தவராக மாறும்வரை அவர் கறுப்பு என்றே எனக்குத் தெரியாது. கூட்டத்தில் முணுமுணுப்பு. அம்மா ஷியாமளா கோபாலன் நம் சென்னையில் பிறந்தவர், அப்பா ஜமைக்காக்காரர். இரண்டையும் கமலா மறைத்ததே இல்லை. ரேச்சல் டோலசாலைப் போல அவர் எதையும் வரித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பட்டம் வாங்கியது ரேச்சல் வழக்குப் போட்ட அதே ஹோவர்டில், 1986-இல். டிரம்ப் சொன்ன 'சில வருடங்களை' அங்கிருந்து எண்ணினால் 38 வருகிறது.