சேபாவுக்குப் போகும் வழி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

எண்ணெய்க் கப்பல்களில் இன்ஜினியராக நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். கரீபியன் கடலில் சின்ட் யூஸ்டேஷியஸ் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே பெரிய எண்ணெய்க் கிடங்கு இருக்கிறது. எங்கள் முறை வரும்வரை கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும். சில தடவை இரண்டு நாள், சில தடவை ஒரு வாரம்கூட ஆகும். இன்ஜின் அறைச் சூட்டிலிருந்து மேலே ஏறி வந்து டெக்கில் காற்று வாங்குவேன். அப்போதெல்லாம் வடமேற்கே இன்னொரு தீவு தெரியும். தீவு என்று சொல்வதைவிட, கடலுக்குள்ளிருந்து நேரே எழுந்து நிற்கும் ஒரு மலை என்று சொன்னால் சரியாக இருக்கும். தலையில் எந்நேரமும் ஒரு மேகம். அடிவாரத்தில் மணற்கரை இல்லை, தென்னந்தோப்பு இல்லை, வெறும் பாறை. இரவானால் மலையின் பாதி உயரத்தில் விளக்குகள் மினுங்கும்.

அந்த விளக்குகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. மேலே குடும்பங்கள் இருக்கின்றன, அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். சரி, இவர்கள் எந்த வழியாக ஏறினார்கள்? வீட்டுச் சாமானை எந்த வழியாக ஏற்றினார்கள்? கப்பல்காரனுக்கு ஒரு கரையைப் பார்த்தால் முதலில் தோன்றுவது, இதில் எங்கே இறங்குவது என்பதுதான். அந்தக் கரையில் இறங்க ஓர் இடம்கூட என் கண்ணில் படவில்லை.

அந்தத் தீவின் பெயர் சேபா. பரப்பளவு 13 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 2,000 பேர். நெதர்லாந்தின் ஆட்சியில் இருக்கிறது. 2010 அக்டோபரில், நெதர்லாந்து ஆன்டிலிஸ் என்ற கரீபியத் தீவுகளின் கூட்டு நிர்வாகம் கலைக்கப்பட்டபோது, சேபா நேரடியாக நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியானது. ஆனால் ஊரில் பேசுவது ஆங்கிலம், கடையில் கொடுப்பது அமெரிக்க டாலர். பணி ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஜனவரி மாதம், என் மனைவியையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். ஆகாய வழியாகப் போனோம், கடல் வழியாகத் திரும்பினோம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஐரோப்பாவரை போவதில் சொல்ல ஒன்றும் இல்லை. பாரிஸிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் சின்ட் மார்ட்டின் தீவுக்கு நேர் விமானம் உண்டு. அந்தத் தீவில் பாதி டச்சு, பாதி பிரெஞ்சு. விமான நிலையம் டச்சுப் பக்கம். ஓடுபாதை கடற்கரையை ஒட்டியே தொடங்குவதால், குளித்துக்கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேலேயே பெரிய ஜெட் விமானங்கள் தாழப் பறந்து இறங்கும். அதைப் பார்க்கவே மாஹோ கடற்கரையில் கூட்டம் கூடுகிறது. 2017 செப்டம்பரில் அடித்த இர்மா புயல் அந்த நிலையத்தைச் சின்னாபின்னமாக்கியது. மறுபடி எழுப்பிவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பயணம் அங்கே முடிந்துவிடும். சேபா போகிறவர்கள் அங்கேதான் சின்ன விமானத்துக்கு மாறவேண்டும்.

கனடாவில் செய்த ட்வின் ஆட்டர் விமானம், இரண்டு புரொப்பெல்லர், 19 இருக்கை. ஏறுவதற்கு முன் பெட்டியை எடை போட்டார்கள், எங்களையும் எடை போட்டார்கள். காரணம் அப்புறம் புரிந்தது. விமானிகளுக்கும் எங்களுக்கும் நடுவில் மறைப்பு இல்லை, அவர்கள் பார்ப்பதையெல்லாம் நாங்களும் பார்க்கலாம். கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முன் கண்ணாடி முழுக்கப் பாறைச் சுவர் வந்துவிட்டது.

சேபா ஓர் எரிமலை. தீவு முழுக்கச் சரிவுதான். எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடிக் கடலோரத்தில் உறைந்ததில், வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு திண்ணை மாதிரி சமதரை அமைந்துவிட்டது. ஃபிளாட் பாயின்ட் என்று பெயர். அந்தத் திண்ணைமேல்தான் ஓடுபாதை. நீளம் 400 மீட்டர். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மைதானத்தை ஒரு சுற்று ஓடுகிறோமே, அவ்வளவுதான். சின்ட் மார்ட்டினில் நாங்கள் இறங்கிய ஓடுபாதை 2,300 மீட்டர். பயணிகள் விமானம் வழக்கமாக வந்துபோகும் ஓடுபாதைகளில் உலகத்திலேயே மிகக் குட்டையானது சேபாவினுடையது என்கிறார்கள். ஒரு பக்கம் மலை, இரண்டு முனையிலும் செங்குத்தாகக் கடல்.

ட்வின் ஆட்டரில் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகள் விமானியின் தலைக்கு மேலே, கூரையில் இருக்கும். இறங்கும் நேரத்தில் விமானியின் கை மேலே போய் அவற்றைப் பிடித்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையை உரசுவதுபோல் போய், ஒரு திருப்பம் திரும்பி, சக்கரம் தரையைத் தொட்டதும் அந்தக் கை கைப்பிடிகளைப் பின்னால் இழுத்தது. புரொப்பெல்லரின் இலைகள் கோணம் மாறி, காற்றை முன்பக்கமாகத் தள்ள ஆரம்பித்தன. சில கப்பல்களிலும் இப்படி இலை திரும்பும் புரொப்பெல்லர் உண்டு, அந்தச் சத்தத்தின் மாற்றம் எனக்குப் பழக்கமானது. நாற்காலிப் பட்டை நெஞ்சை இறுக்கியது. விமானம் நின்றபோது எதிரே இன்னும் பாதி ஓடுபாதை மிச்சம் இருந்தது. என் மனைவி என் மணிக்கட்டை அப்போதுதான் விட்டாள்.

இதில் காற்றுக்கும் பங்கு இருக்கிறது. நம் ஊர் மீனவர்கள் கிழக்குக் காற்றைக் கொண்டல் என்பார்கள். அங்கே கிட்டத்தட்ட ஆண்டு முழுவதும் கொண்டல்தான். ஓடுபாதையைக் கிழக்குப் பார்க்கப் போட்டிருப்பதால் இறங்கும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, வேகத்தைக் குறைக்க உதவும். அதே காற்று கொஞ்சம் திரும்பிப் பாறையில் மோதிச் சுழன்றால் இறங்கவே முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை காற்று பலமாக இருக்கும். கிறிஸ்துமஸ் காற்று என்று அங்கே அதற்குப் பெயர். போகிறவர்கள் ஒரு நாளைக் கையில் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

இறங்கிப் பார்த்தால் எங்கள் பெட்டி இரண்டில் ஒன்று வரவில்லை. 400 மீட்டரில் இறங்கி ஏறும் விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு இருக்கிறது. நாளைக்குப் படகில் வரும், துறையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியை எடுக்கப் போனதால்தான் சேபாவின் கதை முழுதும் எனக்குக் கிடைத்தது.

துறை இருப்பது தென்மேற்கில், ஃபோர்ட் பே. வின்ட்வர்ட்சைட் என்ற மேட்டு ஊரிலிருந்து காரில் இறங்கினோம். தலைநகரின் பெயர் தி பாட்டம். கீழே என்று அர்த்தம் வருகிறது, ஆனால் கடலிலிருந்து 200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. வளைந்து வளைந்து போகிறது சாலை. கைப்பிடிச் சுவர் முழுக்கக் கருங்கல், ஒவ்வொரு கல்லும் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சாலைக்கு அங்கே தனிப் பெயர் இல்லை. தி ரோடு, அவ்வளவுதான்.

இந்த மலையில் சாலை போட முடியாது என்று நெதர்லாந்து பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஜோசபஸ் லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் அதை ஏற்கவில்லை. அஞ்சல் வழியில் பொறியியல் படித்தார். 1938-இல் வேலை தொடங்கியது. இயந்திரம் கிடையாது. கடப்பாரை, சம்மட்டி, தள்ளுவண்டி, ஊர்க்காரர்களின் கை, அவ்வளவுதான். ஃபோர்ட் பேயிலிருந்து தி பாட்டம்வரை வர ஐந்து ஆண்டு, 1943 ஆகிவிட்டது. 1947-இல் முதல் ஜீப் வந்தது. துறை மேடை இல்லாத கரையில் ஜீப்பை எப்படி இறக்குவது? இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஜீப்பை ஏற்றி அலையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1951-இல் சாலை வின்ட்வர்ட்சைடை எட்டியது. 1958-இல் தீவின் மறுகோடிவரை முடிந்தது. இருபது ஆண்டு.

அடுத்த ஆண்டே விமானம். ரெமி டி ஹேனன் என்ற விமானி, பக்கத்துத் தீவான சென் பார்ட்டெலெமியில் இருந்தவர், ஃபிளாட் பாயின்ட்டைப் பார்த்துவிட்டு, இதைச் சமப்படுத்தினால் என்னால் இறங்க முடியும் என்றார். மறுபடி ஊர் திரண்டது. சில வாரங்களில் கையாலேயே கல்லைப் பொறுக்கிப் பள்ளத்தை நிரப்பினார்கள். 1959 பிப்ரவரியில் அவர் இறங்கினார். அதற்குப் பிறகுதான் அரசு ஓடுபாதை போட்டது, 1963-இல் விமான நிலையம் திறந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான் நேயர்களே. கடல் அந்தத் தீவுக்கு ஒரு வாசலைக்கூடக் கொடுக்கவில்லை. இன்று நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் இறங்கும் ஓடுபாதையும், முடியாது என்று மற்றவர்கள் சொன்ன சாலையும், அந்த ஊர் ஜனங்களின் கையால் தொடங்கியவை.

ஃபோர்ட் பேயில் ஒழுங்கான துறை மேடை 1972-இல்தான் வந்தது. அதுவரை கப்பல் தள்ளி நிற்கும், துடுப்புப் படகு போகும். படகோட்டிகள் அலையை எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள். இரண்டு பெரிய அலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் பாய்ந்து கரைக்கு வருவார்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஆட்கள் படகைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கணம் தவறினால் கல்லில் மோதவேண்டியதுதான். கடலில் பாதி வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வேலைக்கு நெஞ்சுரம் வேண்டும். சேபாவிலிருந்து உலகக் கப்பல்களுக்கு எத்தனையோ மாலுமிகளும் கேப்டன்களும் போனார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பெட்டியை வாங்கிக்கொண்டு, மறுநாள் ஏணி என்று அங்கே சொல்லும் பழைய படிக்கட்டைப் பார்க்கப் போனோம். மேற்குக் கரையில் லேடர் பே. சாலைக்கு முந்தைய வழி அதுதான். பாறையில் வெட்டிய சுமார் 800 படிகள். அரிசி, மரம், கட்டில், பியானோகூட அந்தப் படிகளில் மனிதத் தலையிலும் தோளிலும் ஏறியிருக்கிறது. பாதி வழியில் பழைய சுங்கச் சாவடி ஒன்று ஆளில்லாமல் நிற்கிறது. நான் கீழேவரை இறங்கினேன். படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது ஒரு சாண்தான் இருக்கும். பல படிகள் நடுவில் குழிந்து வழுவழுவென்று இருந்தன. ஒரு குழிவில் என் பாதத்தை வைத்தேன், அப்படியே உட்கார்ந்தது. திரும்பி ஏறும்போது கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்தது, அதற்கே நான்கு இடத்தில் நின்றேன்.

திரும்பும் நாளில் காற்று எழுந்துவிட்டது. விமானம் இல்லை. படகு மட்டும் போகும் என்றார்கள். சின்ட் மார்ட்டினுக்கு ஒன்றரை மணி நேரம். சேபாவிலிருந்து போகும்போது காற்றும் அலையும் எதிரே இருக்கும், வரும்போது அவ்வளவு தெரியாது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் படகின் பின்பகுதியில், நடுவாக உட்கார்ந்து தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வரலாம். மனைவிக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்து அப்படித்தான் உட்காரவைத்தேன்.

படகு மேற்குக் கரையை ஒட்டிப் போனது. மலை காற்றை மறைத்ததால் தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. லேடர் பே வந்தது. கீழிருந்து பார்த்தால் படிகள் பாறையில் ஒரு மெல்லிய கீறல். அது சுங்கச் சாவடிவரை போய், அப்புறம் பச்சைக்குள் மறைந்துவிடுகிறது. என் மனைவி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கீறலை விரலால் காற்றில் கீழிருந்து மேலே வரைந்து பார்த்தாள். அதற்குள் படகு வடமேற்கு முனையின் பாறையைத் தாண்டிவிட்டது. மறைப்பு போனதும் முதல் அலை கண்ணாடியில் அறைந்தது. அவள் உட்கார்ந்துகொண்டு இன்னொரு இஞ்சி மிட்டாய் கேட்டாள்.

நன்றி, வணக்கம்.