சர்க்கரை என்று ஏட்டில் எழுதினால்

(மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பேசியது. கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, ஈப்போவிலிருந்து இதற்காகவே வந்திருக்கும் டத்தோ அவர்களே, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே (வந்துகொண்டிருக்கிறாராம், வந்ததும் இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்), தலைமையாசிரியர் அவர்களே, கோயில் தலைவர் அவர்களே, பின்னால் நிற்கும் லோரிக்கார அண்ணன்களே, வணக்கம். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரை விட்டுவிட்டேன், மன்னிக்கணும், இந்த நாற்காலியெல்லாம் போட்டதே அவர்தான்.

எத்திலீன் கிளைகோல் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். பெயர் எங்கிருந்து வந்தது, வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும், பனியே விழாத ஊரில் இது எதற்கு. லோரிக்காரர்கள் கூலண்ட் என்று ரேடியேட்டரில் ஊற்றுகிறார்களே, அதில் பெரும்பாலும் இருப்பது இதுதான். குளிர்நாட்டில் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுவதால் ஆங்கிலத்தில் ஆன்டிஃப்ரீஸ், தமிழில் உறைதடுப்பி.

பெயர் வைத்தவர் வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1856-இல் இதை முதலில் தயாரித்தார். சாராயத்தில் உள்ள ஆல்கஹாலுக்கு ஹைட்ராக்சில் என்ற கை ஒன்று, கிளிசரினுக்கு மூன்று, இதற்கு இரண்டு. நடுவில் நிற்கிறதே என்று கிளிசரினில் தலையையும் ஆல்கஹாலில் வாலையும் வெட்டி ஒட்டிக் கிளைகோல் என்றார். அந்தத் தலை, கிரேக்க மொழியில் இனிப்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. குளுக்கோஸும் அதே குடும்பம்தான்.

சர்க்கரை என்று ஏட்டில் எழுதி நக்கினால் இனிக்குமா என்று என் பாட்டி கேட்பார். இங்கே எழுதினபடியே இனிக்கிறது, வினையே அதுதான்.

நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் தோட்டத்தில் திருவிழா. லோரி ஓட்டிய பெரியப்பா, மிச்சம் இருந்த கூலண்டை ஆரஞ்சு பார்லி பாட்டிலில் ஊற்றி எங்கள் அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு மேளம் கேட்கப் போய்விட்டார். பளீரென்று பச்சை! அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, அதாவது கிராணி, வீட்டுக்கு வந்துவிட்டார், கிராணி வந்தால் சும்மா அனுப்ப முடியுமா, அத்தை ஓடிப்போய் ஐஸ் வாங்கிவந்து, இருப்பதிலேயே நல்ல கிளாஸைத் துடைத்து, பச்சைச் சிரப் என்று நினைத்து ஊற்றினாள். ஊற்றும்போது பாட்டி பார்த்துவிட்டார். "ஏண்டி, சிரப்பு மாதிரி இல்ல, ஒரு வாசனையுமில்ல, ஒரு நுரையுமில்ல, எதடி இது?" கிராணியோ கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார். பாட்டி கிளாஸைப் பிடுங்கி வாசலில் கொட்டினார், "அவருக்கு வெறும் தண்ணி குடு, சாகமாட்டார்" என்றார். அதற்குப் பிறகு கிராணி எங்கள் வீட்டுக்கு வந்து நான் பார்க்கவில்லை.

குடித்திருந்தால்? கல்லீரல் அதை உடைக்க உடைக்க அமிலமாகும், கடைசியில் ஆக்சாலிக் அமிலம், அது உடம்பில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படியும். ஆரம்பத்தில் போதை போலத்தான் தெரியும். மாற்று மருந்துகளில் ஒன்று அதே சாராய ஆல்கஹால்தான், கல்லீரலை அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். அண்ணன்மார்களே, அது டாக்டர் அளந்து கொடுப்பது, சம்சு கடைக்கு யாரும் கிளம்ப வேண்டாம்.

அந்தக் கூலண்ட் முதலில் வந்த டப்பாவில் ஒட்டிய தாளில் விஷம் என்று தமிழில் ஒரு சொல்லாவது இருந்ததா? மலாய்க்காரர்கள் எத்திலேனா கிலிகோல் என்று தங்கள் வாய்க்கு ஏற்ப எழுதிக்கொண்டார்கள், வெட்கப்படவில்லை. நாம்தான் உறைதடுப்பி என்றால் சிரிக்கிறோம். 2003-இல் அரசாங்கத்தார் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள், அப்புறம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், 2016-இல் இருமொழித் திட்டம் என்று வேறு வாசல் வழியாக வந்தது. பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தமிழ்ப்பள்ளியில் அறிவியல் தமிழில் இருக்கட்டும் என்கிறேன். புரியாத மொழியில் மனப்பாடம் செய்வதுதான் டத்தோ, சர்க்கரை என்று ஏட்டில் எழுதி நக்குவது.

மூன்றாவது விஷயம், கேமரன் மலையில்கூட ரேடியேட்டர் உறையாது, இங்கே அதன் வேலை கொதிக்காமலும் துருப்பிடிக்காமலும் காப்பது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது, கலக்காமல் விட்டால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும், ஏன் என்றால்... சரி, மாண்புமிகு வந்துவிட்டார். வாங்க ஐயா, வணக்கம். அறிவியல் தமிழில் இருக்கட்டும் என்று கேட்கும் கையெழுத்துத் தாள் காபி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனாவைத் திரும்ப வைத்துவிட்டுப் போங்கள்.