பந்தை வைத்துப் பிழைக்க முடியுமா?

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம். பூம்பாறையில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டே கேட்பவர்கள், பண்ணைக்காட்டில் காபித் தோட்ட வேலைக்கு நடுவே கேட்பவர்கள், கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம், மதுரை வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், எல்லோருக்கும்தான். தொழில்முறைக் கூடைப்பந்து வீரரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கொஞ்ச காலம் ஒரு துறை அணிக்கு ஆடியவன், இப்போது இங்கே மலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "சார், இதை விளையாடி என்ன ஆகப் போகுது, சோறு போடுமா?" நியாயமான கேள்விதான். போடும். ஆனால் டிவியில் பார்க்கிற மாதிரி போடாது.

முதலில் அந்த டிவி விஷயத்தை முடித்துவிடுவோம். நம் பசங்களுக்கு என்.பி.ஏ., அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் மேல் பைத்தியம். அங்கே இருப்பது 30 அணி, அணிக்கு 15 பேர் என்று வைத்தால் 450 இடம், அதற்கு உலகம் முழுக்கப் போட்டி. பஞ்சாபில் ஒரு சின்ன கிராமத்து விவசாயியின் மகன் சத்னம் சிங், 7 அடி 2 அங்குலம். 2010-இல், பதினான்கு வயதில், உதவித்தொகையில் ஃபுளோரிடாவுக்குப் போனார், வீட்டை விட்டு, மொழி தெரியாமல். அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். 2015 டிராஃப்டில் மொத்தம் 60 பேரை எடுத்ததில் 52-ஆவது ஆளாக டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை எடுத்தபோது நாடே கொண்டாடியது, டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தானே. அதோடு நிறையப் பேர் கதையை விட்டுவிட்டார்கள். இரண்டாம் சுற்றில், அதாவது முதல் முப்பது பேருக்குப் பிறகு, எடுக்கிற ஆளுக்கு ஒப்பந்தம் நிச்சயம் கிடையாது. டல்லாஸின் கிளை அணியான டெக்சஸ் லெஜெண்ட்ஸில் ஆடினார், பெரிய அணிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட இறங்கவில்லை. ஊர் திரும்பினார், 2020-இல் ஊக்கமருந்து வழக்கில் இரண்டு வருடத் தடை, அப்புறம் அமெரிக்காவில் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அந்த உயரமும் அந்த உழைப்பும் இருந்தே அந்தக் கதவு அவ்வளவுதான் திறந்தது.

விசேஷ் பிருகுவன்ஷியை எடுத்துக்கொள்ளுங்கள். வாரணாசிக்காரர், இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர், 2017-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் அணி அவரோடு ஒப்பந்தம் போட்டது, 2020-க்கான அர்ஜுனா விருதும் வாங்கினார். அவருக்கே மாதாமாதம் சம்பளம் தருவது ஓ.என்.ஜி.சி. வேலைதான். இந்தியாவில் கூடைப்பந்து வீரரின் தொழில் என்றால் அது பெரும்பாலும் இதுதான்: ரயில்வே, வங்கி, ராணுவம், கடற்படை, மின்வாரியம், வருமான வரி என்று ஏதோ ஒரு துறையில் உத்தியோகம், அந்தத் துறையின் அணிக்கு ஆட்டம். நடுவில் லீக் தொடங்கினார்கள், நின்றது, வேறு பெயரில் இன்னொன்று வந்தது. லீக்கை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள் என்று என் பிள்ளைகளிடம் விளையாட்டாகச் சொல்வேன், பாதி உண்மையாகத்தான்.

இந்த துறை அணி வாழ்க்கை எப்படி இருக்கும்? விடிந்தும் விடியாமல் கோர்ட்டில் இருக்க வேண்டும். குளித்துச் சாப்பிட்டு அலுவலகம். சில இடங்களில் பாதி நாள் இருந்தால் போதும், சில இடங்களில் மேலதிகாரிக்குப் பந்து பிடிக்காது என்றால் கையெழுத்துப் போட்டு முழு நாளும் உட்கார வேண்டும். சாயங்காலம் மறுபடி பயிற்சி. டோர்னமெண்ட் வந்தால் சிறப்பு விடுப்பு, ரயிலில் பயணம், ஊர் ஊராகப் போவது. பதக்கம் வாங்கினால் கூடுதல் இன்கிரிமெண்ட் தரும் துறைகள் உண்டு. முப்பது வயதைத் தாண்டும்போது முட்டி பேச ஆரம்பிக்கும், புதுப் பையன் ஒருவன் உங்கள் இடத்துக்கு வருவான், அப்போது நீங்கள் கோப்புகளுக்குத் திரும்புவீர்கள். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதற்குள் துறைத் தேர்வுகளை எழுதி மேலே போயிருப்பார்கள். எனக்கும் அதே கதைதான். ஆடுகிற காலத்தில் தேர்வு எழுதச் சொல்ல யாரும் இல்லை, ஜெயித்த அன்றைக்கு மாலை போட மட்டும் ஆள் இருந்தது. அதனால் என்னிடம் வருகிற பிள்ளையிடம் பந்தைக் கொடுக்கும்போதே பாடப்புத்தகத்தையும் பற்றிப் பேசிவிடுவேன், அவர்களுக்கு அது பிடிக்காது, சரி, பரவாயில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது சான்றிதழ். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது படிவம் ஒன்று சர்வதேசப் போட்டிக்கு, இரண்டு தேசியப் போட்டிக்கு, மூன்று பல்கலைக்கழகங்களுக்கு இடையேயானதற்கு, நான்கு பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு. உள்ளூர்க் கிளப் கோப்பை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் வராது. ஆடிய வருடத்திலேயே கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள், பத்து வருடம் கழித்து அந்தச் செயலாளர் எங்கே இருப்பார் என்று தேட முடியாது. அப்புறம், நம் ஊர் ஈரத்துக்குப் பீரோவில் வைத்த காகிதமே பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு அடுப்படிக்கு அடுத்த அறையில் வையுங்கள்.

மலைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் ஒரு கஷ்டமும் உண்டு. கொடைக்கானல் ஏழாயிரம் அடி, மூச்சு பழகியிருக்கும், கீழேயிருந்து வரும் அணிகள் இங்கே இரண்டாவது குவார்ட்டரிலேயே, அதாவது பாதி ஆட்டம் முடிவதற்குள்ளேயே, இடுப்பில் கை வைத்துவிடும். பந்துகூட மாறும். வத்தலக்குண்டில் சரியாகக் காற்றடித்த பந்தைப் பஸ்ஸில் மேலே கொண்டுவந்து பாருங்கள், சிப்ஸ் பாக்கெட் உப்புகிற மாதிரி அதுவும் கெட்டியாகிவிடும், வெளியே காற்றழுத்தம் குறைவு என்பதால். அதே பந்தை அப்படியே ரிங்குக்கு எறிந்தால் பட்டுத் தெறித்து எங்கோ போகும், ஷாட் சரியில்லை என்று பையனைத் திட்டுவார்கள். கொஞ்சம் காற்றை இறக்கினாலே போதும். இங்கே காற்றடித்த பந்தைக் கீழே கொண்டுபோனால் நேர் எதிர், தொளதொளவென்று எழும்பாமல் கிடக்கும், பம்ப் கையோடு எடுத்துப் போங்கள்.

கஷ்டம் என்னவென்றால் வெயில். ஏப்ரல், மே மாதத்தில்தான் கீழே போட்டிகள். குளிரில் வளர்ந்த பிள்ளை இறங்கிய முதல் நாளே ஆடினால் தொடை பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒரு வாரமாவது வேண்டும். சொந்தக்காரர் வீடு கீழே இருந்தால் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், தண்ணீரோடு உப்புச் சேர்த்த மோரும் கொடுங்கள்.

உயரம் பற்றியும் கேட்பீர்கள். மக்ஸி போக்ஸ் என்று ஒருவர், 5 அடி 3 அங்குலம், அதே என்.பி.ஏ.வில் 1987-இலிருந்து 14 சீசன் ஆடினார். பந்தைத் தரையோடு தரையாகக் கொண்டுபோவார், எதிராளி குனிவதற்குள் பாஸ் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் விதிவிலக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உயரம் குறைந்த பிள்ளைக்கு இடது கையில் பந்தை ஓட்டத் தெரிந்தால் மாவட்ட அணியில் இடம் கிடைக்கும், அதை நானே பார்த்திருக்கிறேன்.

பெண் பிள்ளைகளின் வீட்டில்தான் பத்தாம் வகுப்போடு நிறுத்துகிறார்கள். சென்னைக்காரர் அனிதா பால்துரையைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டும். தெற்கு ரயில்வேயில் வேலை, இளம் வயதிலேயே இந்தியக் கேப்டன், குழந்தை பிறந்த பிறகும் திரும்ப வந்து ஆடினார், 2021-இல் பத்மஸ்ரீ. கூடைப்பந்துக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனாலும் நம் தெருவில் அவர் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? பத்திரிகைக்காரர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

காயத்தைப் பற்றி ஒன்று. ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, குதித்து அடுத்தவன் காலின் மேல் இறங்கினால் கணுக்கால் சுளுக்கும், அது வாரக் கணக்கு. முட்டி ஜவ்வு கிழிந்தால் ஒன்பது மாதத்துக்குக் குறையாது, நாட்டு வைத்தியக் கட்டில் அது சேராது, எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மழை பெய்து பாசி பிடித்த சிமெண்டுக் கோர்ட்டில் ஆட விடாதீர்கள், நம் ஊரில் பாதிக் காயம் அதில்தான்.

இடம் இல்லை என்று சொல்வார்கள். உண்மை, முழுக் கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், இந்தச் சரிவில் அவ்வளவு சமதளம் எங்கே கிடைக்கும், கிடைத்தாலும் லாட்ஜ் கட்டிவிடுவார்கள். அதற்கு மூவர் ஆட்டம் இருக்கிறது. ஒரே ரிங், பாதி இடம், பத்து நிமிடம், முதலில் 21 புள்ளி எடுப்பவர் ஜெயித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அதற்கும் பதக்கம் உண்டு. ஊராட்சி மனது வைத்தால் ஒவ்வொரு கிராமத்திலும் போடலாம், பள்ளத்துப் பக்கம் மட்டும் வலை கட்டிவிடுங்கள், இல்லையென்றால் பாதி நேரம் பந்தைத் தேடி அவரைக்காய்த் தோட்டத்துக்குள்தான் இருப்பார்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். மே மாதத்தில் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும், நம் மலைக்கு நேர் கீழே, துறை அணிகள் பல அங்கே வந்து ஆடும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போங்கள். பந்து வைத்திருப்பவனைப் பார்க்காதீர்கள், பந்து இல்லாத நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த வீரர்களிடம் போய் எந்தத் துறை, எந்த வருடம் சேர்ந்தீர்கள், தேர்வு எப்படி நடந்தது என்று கேளுங்கள். நன்றாகவே பேசுவார்கள், அவர்களிடம் அதை யாரும் கேட்பதில்லை. வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.