கண்மட்டத்தைத் தேடி, ஒரு போத்தல் தண்ணீரோடு

வணக்கம் எல்லோருக்கும். இன்றைக்குக் காற்று கொஞ்சம் கூடுதலாக அடிக்கிறது, நான் கதைப்பது விளங்காவிட்டால் கமென்டில் சொல்லுங்கள், அடுத்த முறை மைக்கில் துணி சுற்றிக்கொண்டு வருகிறேன். இப்போது நான் நிற்பது எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மேலே போகிற ரோட்டில், இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கம். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். கீழே நீளமாகத் தெரிகிற தகரக் கூரைதான் எங்கள் லயம். அதற்கும் கீழே ஓடை. எதிர் மலை முழுக்கத் தேயிலை, அதன் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி மாதிரித் தெரிவது கோயில். இந்த ஒரு காட்சியைப் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போகப் பொருள்கள் சிறிதாகத் தெரிகிற கணக்கு, பிசகாமல் வரைய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கான்செப்ட் ஆர்டிஸ்ட் ஆக வேண்டும் என்று பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு கேமோ சினிமாவோ உருவாகும் முன்பே அந்த ஊர் எப்படி இருக்கும், வீடு எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டுகிற வேலை அது. அந்தப் படத்தை வைத்துத்தான் இன்னொருவர் 3டியில் கட்டுவார். எங்கள் அப்பா மேசன் வேலை செய்கிறவர், அவர் கையில் இருக்கிற பிளான் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளானில் சுவர் சரிந்திருந்தால் வீடு என்ன ஆகும்?

போன வருடம் ஒரு கேம் கம்பெனிக்கு என் படங்களை அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு வரியில் பதில் வந்தது: நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் கட்டடங்கள் எல்லாம் மலையில் வழுக்கிக்கொண்டு போகின்றன. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன், இதோ. இந்த லயம்தான். கதவுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ரோட்டோடு சேர்ந்து சரிந்து நிற்கிறது. அன்றைக்கு எனக்குப் பிழை எங்கே என்று தெரியவில்லை. ஏனென்றால் நெட்டில் பார்த்த பாடத்தில் சொன்னதை எல்லாம் அப்படியே செய்திருந்தேன்.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் எந்த வீடியோவைத் திறந்தாலும் முதல் பாடம் ஒரு நேரான ரோடு, இரண்டு பக்கமும் கட்டடம், தூரத்தில் எல்லாக் கோடும் போய்ச் சேர்கிற ஒரு மறைபுள்ளி. வானிஷிங் பாயின்ட் என்பார்கள், நான் மறைபுள்ளி என்றே சொல்கிறேன். அந்தப் புள்ளி வானமும் நிலமும் சேர்கிற கோட்டில் இருக்கும் என்று சொல்லித் தருவார்கள். சமதரையில் அது சரி. இங்கே வானமும் நிலமும் எங்கே சேர்கின்றன? அந்த மலை உச்சியில். நான் அந்த மலை விளிம்பைத்தான் அடிவானம் என்று நினைத்துக் கோடு போட்டேன், மறைபுள்ளியைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். அதனால்தான் என் லயம் ஹெலிகாப்டரில் இருந்து பார்த்த மாதிரிக் கூரை முழுக்கத் தெரிய வந்தது. மலை விளிம்பு அடிவானம் இல்லை. பெர்ஸ்பெக்டிவில் அடிவானம் என்றால் உங்கள் கண் இருக்கிற மட்டம். ஒரு மலை மறைத்துக்கொண்டு நின்றாலும் அந்தக் கோடு அந்த மலைக்குள்ளேயே போகும்.

சரி, கண்ணுக்குத் தெரியாத கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பா வேலைக்குக் கொண்டுபோகிற சாமான்களில் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப் இருக்கும், அதில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் இரண்டு சுவரில் பிடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த யோசனை வந்தது. இதோ, சாதாரணத் தண்ணீர்ப் போத்தல். பாதிக்குத் தண்ணீர் இருக்கிறது. கையை நீட்டிப் பிடிக்கிறேன். இப்போது போத்தல் தாழ்வாக இருக்கிறது, தண்ணீரின் மேல்பரப்பு ஒரு நீள்வட்டமாகத் தெரிகிறது. மெதுவாகத் தூக்குகிறேன்... நீள்வட்டம் ஒடுங்குகிறது... இன்னும் கொஞ்சம்... இதோ, ஒரே கோடாகிவிட்டது. இன்னும் தூக்கினால் அந்த மேல்பரப்பைக் கீழே இருந்து பார்க்கிற மாதிரித் தெரியத் தொடங்கும். அந்தக் கோடாகிற இடம்தான் கண்மட்டம். கையை அசைக்காமல் அந்தக் கோடு எதிர் மலையில் எங்கே படுகிறது என்று பாருங்கள்.

கோயிலின் வாசற்படியில் படுகிறது! முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கே இருந்து அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் ஓடை வரைக்கும் இறங்கி, பாலம் தாண்டி, திரும்ப ஏற வேண்டும், முக்கால் மணி நேர நடை. ஆனால் என் கண்ணும் அந்தப் படியும் ஒரே உயரம். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிற தேயிலை எல்லாம் என்னைவிட உயரத்தில், கீழே இருப்பது எல்லாம் தாழ்வில். ஒரு போத்தலை வைத்து முழுப் பள்ளத்தாக்கையும் அளந்த மாதிரி.

இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. 1435இல் இத்தாலியில் ஆல்பெர்ட்டி என்பவர் பெர்ஸ்பெக்டிவைப் பற்றி எழுதிவைத்தார். சமதரையில் நம் உயரமே உள்ள ஆட்கள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அவர்கள் தலை அடிவானக் கோட்டிலேயே வரும் என்பது அதில் வருகிற ஒரு கருத்து. கால் மட்டும்தான் மேலே ஏறிக்கொண்டே போகும். இங்கே கொழுந்து எடுக்கிறவர்களைப் பாருங்கள், ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கிறார்கள், தலைகள் ஒரே கோட்டில் வரவே வராது. ஆனால் நான் நிற்கிற அதே உயரத்தில் மலையைச் சுற்றி ஓடுகிற அந்தத் தண்ணீர்க் கானை ஒட்டி நான்கு பேர் நடந்து போகிறார்கள், அவர்கள் தலைகளைப் பாருங்கள். நான்கும் கண்மட்டக் கோட்டிலேயே. பக்கத்தில் இருப்பவர் கட்டை விரல் அளவு, கடைசி ஆள் அரிசி அளவு, ஆனால் தலை ஒரே கோட்டில். மலையில் ஆட்களை வரையும்போது இது எனக்குப் பெரிய பிடிமானம்.

அப்புறம் அந்த வழுக்குகிற கதவுகள். அதற்கான பதில் இதுதான், இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். இந்த ரோடு கீழே இறங்குகிறது. இறங்குகிற ரோட்டின் இரண்டு ஓரமும் போய்ச் சேர்கிற புள்ளி கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும். ஏறுகிற ரோடு என்றால் மேலே. ஆனால் ரோட்டோரம் இருக்கிற வீட்டை யாரும் சரிவாகக் கட்டுவதில்லை, மண்ணை வெட்டி மட்டமாக்கித்தான் கட்டுவார்கள். அதனால் வீட்டின் கதவு, ஜன்னல், கூரை விளிம்பு எல்லாம் கண்மட்டத்தில் இருக்கிற புள்ளிக்குத்தான் போக வேண்டும். வீடும் ரோடும் ஒரே திசையில் போனால் இந்த இரண்டு புள்ளிகளும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக, ஒரே தூக்குக்குண்டு நூலில் தொங்குகிற மாதிரி வரும். நான் ரோட்டுக்கு வைத்த புள்ளிக்கே கதவுகளையும் இழுத்துவிட்டேன், அதனால்தான் வழுக்கின. வித்தியாசம் அவ்வளவுதான், அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு சி.ஆர். கொப்பி முடிந்தது.

எவ்வளவு கீழே என்றும் கணக்குப் போடலாம். பேப்பரைக் கண்ணுக்கு முன்னால் ஒரு ஜன்னல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கும் பேப்பருக்கும் 44 சென்டிமீட்டர் என்று வைப்போம். மலைநாட்டு ரயில் பாதையின் கடுமையான ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 அடி போனால் ஒரு அடி ஏறும். அப்படியென்றால் அந்தத் தண்டவாளத்தின் மறைபுள்ளி கண்மட்டத்தைவிட வெறும் 1 சென்டிமீட்டர்தான் மேலே. இந்த ரோடு ஏறக்குறைய 8க்கு 1 இறங்குகிறது, அதற்கு ஐந்தரை சென்டிமீட்டர் கீழே. ரயில் கடவையில் நின்று வரைந்தால் படம் சமதரை மாதிரி அமைதியாக வருவதும், இதே ஊரில் ரோட்டை வரைந்தால் வயிற்றைக் கலக்குவதும் இதனால்தான்.

லயத்தின் கதவுகளுக்கு இடையில் இருக்கிற தூரம் அடுத்தது. லயம் என்றால் ஒரே அளவான காம்பராக்கள் வரிசையாக, பழைய காலத்தில் 10க்கு 12 அடி என்று கட்டியவை. தூரம் போகப் போக இடைவெளி குறையும், ஆனால் எவ்வளவு குறையும்? நான் கண்ணால் குத்துமதிப்பாகப் போட்டேன், ஐந்தாவது கதவிலேயே பிசகிவிடும். இப்போது செய்வது இப்படி. கதவுக்கு ஒரு தூண் என்று வைத்து, முதல் தூணையும் இரண்டாவது தூணையும் நிறுத்துகிறேன். தூணின் மேல்முனை, அடிமுனை, நடுப்பகுதி மூன்றிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு. இப்போது முதல் தூணின் மேல்முனையிலிருந்து இரண்டாவது தூணின் நடுவைத் தொட்டுக்கொண்டு ஒரு சாய்வான கோடு இழுத்தால், அது தரைக்கோட்டில் போய் முட்டுகிற இடம்தான் மூன்றாவது தூண். அப்படியே இரண்டிலிருந்து நான்கு, மூன்றிலிருந்து ஐந்து. பத்துக் கதவும் தானாக வந்து நிற்கும். அடிமட்டத்தால் அளக்கவே தேவையில்லை.

வீட்டின் முனை நம்மைப் பார்த்து நிற்கிற மாதிரி வரைந்தால் இரண்டு பக்கச் சுவருக்கும் தனித்தனி மறைபுள்ளி வரும். அவை இரண்டையும் ஏ4 தாளுக்குள்ளேயே அடக்கப் பார்க்காதீர்கள், வீட்டு முனை கூர்மையாகிக் கத்தி மாதிரி நிற்கும். நான் தாளைத் தரையில் ஒட்டிவிட்டு, இரண்டு முழம் தள்ளி ஒரு ஆணி அடித்து அப்பாவின் நூலைக் கட்டி இழுத்து இழுத்துக் கோடு போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, இது நாங்கள் நூல் பிடிக்கிற மாதிரிதானே என்றார். உண்மைதான். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வாழ்ந்த வெர்மீர் என்ற ஓவியரின் பல ஓவியங்களில் மறைபுள்ளி இருக்கிற இடத்தில் ஊசி குத்திய சின்ன ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே ஊசியைக் குத்தி, சுண்ணாம்பு பூசிய நூலைக் கட்டி அடித்திருப்பார் என்று சொல்கிறார்கள். அதை வாசித்த அன்றைக்கு அப்பாவிடம் அந்த ஓவியத்தைப் போனில் காட்டினேன். அவர் ஓவியத்தில் இருக்கிற தரைக் கற்களைத்தான் வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

இதெல்லாம் எதற்கு, பிளெண்டர் என்கிற 3டி சாப்ட்வேரில் நாலு பெட்டி வைத்தால் கம்ப்யூட்டரே சரியாகக் காட்டுமே என்று போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நானும் பிளெண்டர் பாவிக்கிறேன், கிரிட்டா என்கிற படம் வரைகிற சாப்ட்வேரில் இருக்கிற பெர்ஸ்பெக்டிவ் அசிஸ்டன்டையும் பாவிக்கிறேன், இரண்டும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓரளவுக்கு ஓடும். ஆனால் அவை நான் எங்கே கண்மட்டத்தை வைத்தேனோ அதைத்தான் காட்டும், எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லாது. இந்த லயத்தைச் சின்னப் பிள்ளையின் உயரத்திலிருந்து காட்டினால் இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, அதன் சுவரே மதில் மாதிரி எழும்பும். மேலே இருக்கிற துரை பங்களா வாசலில் இருந்து காட்டினால் வெறும் கூரைகளின் வரிசை. யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது வரைகிறவர் வேலை, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்த வீடியோவுக்கு எல்ல, தெமோதரைப் பக்கம் போய் ஒன்பது வளைவுப் பாலத்தை வரைந்துகொண்டு வருகிறேன். 1921இல் திறந்தது, 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். அது நேர்ப் பாலம் இல்லை, வளைந்து போகிறது, அதனால் ஒவ்வொரு தூணும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் கண்மட்டக் கோட்டில் தனித்தனி மறைபுள்ளி. ஏற்கெனவே இரண்டு தடவை போட்டோவைப் பார்த்து வரைந்தேன், வளைவுகள் இன்னும் சரியாக உட்காரவில்லை, நேரில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு வாசலில் நின்று போத்தலைப் பிடித்து, கண்மட்டம் எதிர் மலையில் எங்கே படுகிறது என்று போட்டோ எடுத்து ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். பதுளை, பண்டாரவளை, மஸ்கெலியா எங்கே இருந்தாலும் பரவாயில்லை, நான் எல்லாவற்றையும் பார்ப்பேன்.

கோயில் பக்கம் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. தூறலும் விழுகிறது, தாள் நனைகிறது. வருகிறேன்.